சென்னையை ஆண்ட அயர்லாந்துப் பிரபு

அகளியில் வாழும் தமிழர் ஒன்றை நன்கறிவர். அட்டப்பாடி மலைகளில் பெய்யும் மழை அரபிக் கடலை நாடுவதில்லை. பவானியாகக் கிழக்கே திரும்பிக் கோவை நாட்டை வளப்படுத்துகிறது. அம்மலைகளுக்குத் தெற்கே உள்ள பாலக்காட்டுக் கணவாயோ, வணிகரும் படைகளும் இருபுறமும் சென்று வந்த பெருவாயில். 1783-ஆம் ஆண்டில் அவ்வாயிலைத் திறக்கவும் பின் மூடவும் நேர்ந்த ஆட்சியின் தலைவர், அயர்லாந்து நாட்டுப் பிரபு ஒருவர். அவர் வரலாற்றை ஈண்டு நாம் சிறிது நோக்குவோம்.

ஜார்ஜ் மெக்கார்ட்னி 1737-இல் அயர்லாந்தின் அன்ட்ரிம் வட்டாரத்தில் பிறந்தார். டப்ளின் நகரத் திரித்துவக் கல்லூரியில் பயின்றார். 1764-இல் ருசியப் பேரரசி காதரீனின் அவைக்குத் தூதராக அமர்ந்து, 1766-இல் வணிக உடன்படிக்கை ஒன்றை முடித்தார். இங்கிலாந்தின் முன்னாள் முதலமைச்சர் பியூட் பிரபுவின் மகளை 1768-இல் மணந்தார். 1776-இல் பிரபுப் பட்டம் பெற்றார். கிரெனடாத் தீவை ஆண்டபோது, 1779-இல் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டு மீண்டார்.

1781 சூன் திங்களில் அவர் சென்னை ஆளுநராக வந்திறங்கியபோது நாடு எரிந்துகொண்டிருந்தது. முந்திய ஆண்டே ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் புகுந்திருந்தது. 1782-இல் பஞ்சம் சூழ்ந்தது. பிற்காலத்தில் மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்ற அறச்சாலை, அப்பஞ்சத்தில் கஞ்சி வார்க்கத் தோன்றியதே. நவாப் வாலாஜா முகமதலியோ கும்பினி ஊழியர் பலரிடம் பெருங்கடன் பட்டிருந்தார். நாட்டின் வரி வருவாயைப் போர்ச் செலவுக்கென 1781 டிசம்பரில் மெக்கார்ட்னி தம் ஆட்சியின் பொறுப்பில் கொண்டுவந்தார். நவாபும் கடன்காரரும் பகைத்தனர். பரிசும் கையுறையும் பெற்றுச் செல்வராவதே ஆளுநர்தம் வழக்கமாயிருந்த அக்காலத்தில், அவற்றை மறுத்தவர் என்ற பெயரை அவர் ஈட்டினார்.

இந்நிலையில் கர்னல் புல்லர்ட்டன் என்பவர் தென்பாண்டி நாட்டிலிருந்து படை நடத்தி, ஆனைமலைக் காட்டினூடே மழையில் வழி செய்துகொண்டு சென்று, 1783 நவம்பரில் பாலக்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றினார். 1766-இல் ஹைதர் எழுப்பிய வலிய கோட்டை அது. அம்மாதமே கோவையும் வீழ்ந்தது. ஆயினும் சென்னை ஆட்சி திப்பு சுல்தானிடம் சமாதானம் பேச ஆணையர் மூவரை அனுப்பியிருந்தது. அவருள் மெக்கார்ட்னியின் செயலர் ஜார்ஜ் ஸ்டான்டனும் ஒருவர். அவர்தம் கட்டளை வந்தது, படை பின்வாங்கியது. 1784 மார்ச்சு 11-இல் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வென்ற இடங்களை இருதரப்பாரும் திருப்பிக் கொடுத்தனர்.

இச்செயல் சரியோ? புல்லர்ட்டன் மனம் வெதும்பினார். வங்கத்திலிருந்து வாரன் ஹேஸ்டிங்சும் கடிந்தார். ஆனால் பொக்கிஷம் வறண்டிருந்தது. படைவீரர்க்கு ஊதியம் நிலுவையில் நின்றது. போரை நீட்டிக்கச் சென்னைக்கு வலிமையில்லை என்பதே எம் கருத்து. எனினும் வந்த படைக்கு நெல்லும் மாடும் கொடுத்த சிற்றூரார், அப்படை திரும்பிய மறுநாள் யாரிடம் புகல் கேட்டிருப்பர்? உடன்படிக்கைகளில் அவர்க்கு இடமில்லை. 1790-இல் அதே கோட்டை மீண்டும் முற்றுகையைக் கண்டது.

1785-இல் வரி வருவாயை நவாபிடமே திருப்பித் தருமாறு இலண்டன் ஆணையிட்டது. அதற்கு உடன்படாத மெக்கார்ட்னி பதவி துறந்தார். தாம் சிறைப்படுத்தி அனுப்பிய தளபதி ஸ்டுவர்ட்டுடன் 1786-இல் தாய்நாட்டில் துப்பாக்கிச் சமர் புரிந்து காயமுற்றார்.

1793-இல் அவர் சீனப் பேரரசர் சியான்லுங்கின் முன் தூதராக நின்றார்; ஸ்டான்டனும் உடனிருந்தார். நிலத்தில் தலைபட வணங்குமாறு அவையோர் வேண்டினர். தம் அரசருக்குச் செய்வதுபோல ஒரு காலை மட்டும் மண்டியிட்டார். வணிக உரிமை கிட்டாமல் திரும்பினார். பின்னர் நன்னம்பிக்கை முனையை ஆண்டு, 1806-இல் மறைந்தார்.

மூன்று பேரரசுகளின் அவைகளில் பழகிய அவர் பெயரைப் பாலக்காட்டுக் கணவாயில் இன்று நினைப்பார் சிலரே. ஆனால் அவர் போன்றோர் தொலைவிலிருந்து இட்ட கையெழுத்துகளால் கணவாயின் இருபுறத்து மக்களின் ஆட்சி மாறிமாறி வந்தது. 1956-இல் வகுத்த மாநில எல்லைக்கு அப்பால் வாழ்வோர்க்கு இச்செய்தி புதிதன்று. கோடுகள் பன்முறை மாறின. பவானி மட்டும் தன் திசையை மாற்றவில்லை.