உண்மையைச் சொல்லக் கேட்ட சட்டமும் அதை வரைந்தவரும்

1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்தபோது சாதாரண மக்கள் பலரின் சேமிப்பும் அதனுடன் போயிற்று. முதலாம் உலகப் போருக்குப் பிந்திய பத்தாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட ஏறத்தாழ 5,000 கோடி டொலர் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் அரைவாசி பெறுமதியற்றுப் போனதாக 1933 இல் காங்கிரஸ் குழுவொன்று அறிக்கையிட்டது. படித்தவர்களும் பதவியிலிருப்பவர்களும் செய்யும் இத்தகைய குற்றங்களுக்கு ‘வெள்ளைக் கொலர் குற்றம்’ என்ற பெயரைச் சமூகவியலாளர் எட்வின் சதர்லண்ட் 1939 இல்தான் வழங்கினார். சட்டமோ அதற்கு முன்னரே வந்துவிட்டது. அதை வரைந்தோருள் முக்கியமானவர் 33 வயதுச் சட்டப் பேராசிரியரான ஜேம்ஸ் லாண்டிஸ்.

லாண்டிஸ் 1899 இல் டோக்கியோவில், அங்கு கற்பித்த அமெரிக்க மிஷனரித் தம்பதியருக்குப் பிறந்தவர். ஹாவார்ட் சட்டக் கல்லூரியில் பயின்று, நீதியரசர் பிராண்டைஸிடம் பணியாற்றி, 30 வயதாகுமுன் ஹாவார்ட்டிலேயே பேராசிரியரானார். 1933 ஏப்ரலில் பேராசிரியர் பிராங்பேர்ட்டர் அழைக்க, பெஞ்சமின் கோஹனுடன் வொஷிங்டனில் ஒரு வார இறுதிக்குள் முதல் வரைவை எழுதினார். மே 27 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார்.

பங்கு நல்லதா கெட்டதா என அந்தச் சட்டம் தீர்ப்புச் சொல்லவில்லை. விற்குமுன் கம்பனியின் கணக்கு, கடன், முகாமையாளர் பெறும் ஊதியம் யாவற்றையும் பதிவுசெய்து வெளியிடவேண்டும் என்றது. அதில் பொய்யிருந்தால் கம்பனி மட்டுமல்லாமல் பணிப்பாளர்களும் கணக்காளர்களும் பொறுப்பு. தாம் உரியவாறு ஆராய்ந்தே ஒப்பமிட்டோம் என அவர்களே நிரூபிக்கவேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளிக்கு ஆபத்துக்களை விளக்கிச் சம்மதம் பெறும் எங்கள் வழக்கத்திற்கு நெருங்கிய ஏற்பாடு இது. முடிவு அவருடையது, மறைக்காமல் சொல்லும் கடமை எங்களுடையது.

1934 இல் உருவான பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவில் உறுப்பினராகி, 1935 முதல் 1937 வரை அதன் தலைவராகவும், பின்னர் 1946 வரை ஹாவார்ட் சட்டக் கல்லூரியின் பீடாதிபதியாகவும் இருந்தார். 1960 இல், ஜனாதிபதியாகத் தெரிவாகியிருந்த கென்னடிக்காக ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுக்களின் குறைகளை ஆராய்ந்து அறிக்கையும் எழுதினார்.

அதே காலத்தில், 1956 முதல் 1960 வரை ஐந்து ஆண்டுகள், அவர் தமது வருமான வரி விபரங்களைச் சமர்ப்பிக்கவில்லை. பின்னர் நிலுவையையும் தண்டத்தையும் செலுத்தியும், 1963 இல் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 நாள் தண்டனை பெற்றார். அதை மருத்துவமனையில் காவலில் கழித்தார். 1964 இல் சட்டத் தொழிலிலிருந்து ஓராண்டு இடைநிறுத்தப்பட்டார். அம்மாத இறுதியில் தமது வீட்டு நீச்சல் தடாகத்தில் இறந்து கிடந்தார்.

பிறருக்கு உதவும் தொழில்களில் இருப்போர் தம் காரியத்தைத் தள்ளிப்போடுவதையும், உதவி கேட்க வெட்கப்படுவதையும் மருத்துவர்களாகிய நாங்கள் அறிவோம். அறிவும் புகழும் அதற்குக் காப்பல்ல. அவருடைய வீழ்ச்சியை மறைத்து எழுதினால், அவர் சட்டமாக்கிய கொள்கைக்கே நாம் மாறாகிவிடுவோம். அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. இலங்கையிலும் 1987 இன் சட்டத்துடன் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பு உருவாயிற்று. வர்த்தகமும் சட்டமும் பயிலும் எமது தங்கைமார் நாளை இத்தகைய ஆவணங்களில் ஒப்பமிடுவர். ஒவ்வோர் ஒப்பத்திற்கு முன்பும் படித்துப் பாருங்கள். உங்கள் சொந்தக் கணக்கையும் காலத்தில் முடியுங்கள். முடியாதபோது ஒருவரிடம் சொல்லுங்கள்.