மூன்று நாடுகளுக்கு ஒரு பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வேலை செய்யினம் எண்டு சொன்னால் எங்களுக்கு முதல்ல கண்ணுக்குள்ள வாறது ஒரு படம்தான். இரண்டு துணைவேந்தர்கள், இரண்டு கோப்புகள், பின்னால் ஒரு பதாகை. ஒப்பந்தம் கைச்சாத்தாகிவிடும். பிறகு என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை. இதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் கிழக்கு ஆபிரிக்காவின் கதைக்கு வந்து சேர்ந்தோம்.

1963 ஜூன். தங்கனிக்காவும் உகண்டாவும் சுதந்திரம் பெற்றுவிட்டன. கென்யா அந்த வருஷக் கடைசிக்காகக் காத்திருந்தது. மூன்று நாடுகளும் ஒரே சமஷ்டியாக இணையப்போவதாகத் தலைவர்கள் அந்த மாதம்தான் நைரோபியில் அறிவித்தார்கள். சமஷ்டி வரவேயில்லை. ஆனால் அதே மாதம் கிழக்கு ஆபிரிக்கப் பல்கலைக்கழகம் வந்தது. கம்பாலாவில் மக்கரேரே, நைரோபி, டார் எஸ் சலாம் என மூன்று கல்லூரிகள். ஜூலியஸ் நைரேரே வேந்தர். அதுவரைக்கும் அங்கே லண்டன் பட்டத்துக்குத்தான் படிப்பித்தார்கள், 1942 வரைக்கும் எங்கட கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி செய்ததைப் போல.

செலவு கூடின துறைகளைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மருத்துவம் மக்கரேரேக்கு, பொறியியல் நைரோபிக்கு, சட்டம் டாருக்கு. உகண்டாப் பிள்ளை சட்டத்தரணியாக வேணுமெண்டால் டாருக்குப் போகவேணும். அங்கத்தப் பிள்ளை டொக்டராக வேணுமெண்டால் கம்பாலாவுக்கு வரவேணும். இதால காசு மிச்சம்தான். அதோடு மூன்று நாட்டுப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் இருந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஆளையாள் தெரிந்துகொண்டார்கள்.

படிப்பிக்கிற ஆக்கள்தான் பெரிய பிரச்சினை. பெரும்பாலானோர் வெளிநாட்டவர். உள்ளூர்ப் பட்டதாரி மேற்படிப்பு முடித்து வந்தாலும் கதிரை காலியாக இருக்காது. அதனால் றொக்ஃபெல்லர் நிதியத்தின் காசில் மேலதிக விரிவுரையாளர் பதவிகளை உண்டாக்கி, நிரந்தரப் பதவி கிடைக்கும்வரைக்கும் அவர்களை அதில் வைத்திருந்தார்கள். சின்ன ஏற்பாடுதான். ஆனால் அடுத்த தலைமுறை ஆசிரியர்களில் பலர் கைவிட்டுப் போகாமல் இருந்தது இப்படித்தான்.

ஆனாலும் ஏழு வருஷத்தில் எல்லாம் பிரிந்தது. 1967இல் நைரோபியில் தனி மருத்துவபீடம்; 1968இல் டாரிலும். 1970 ஜூலை 1 அன்று மூன்றும் தனித்தனித் தேசியப் பல்கலைக்கழகங்கள். இதைச் சும்மா பொறாமை எண்டு தள்ளிவிட ஏலாது. ஊரெல்லாம் டொக்டர் இல்லாமல் கிடக்கும்போது, பக்கத்து நாடு தாற இடங்களை நம்பி எந்த அரசாங்கமும் கனகாலம் இருக்காது. எங்கட நாட்டிலும் 1972இல் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்து ஒன்றாக்கி, 1978 சட்டத்தோடு திரும்பப் பிரித்தார்கள். ஆனால் இங்கே நடந்தது மேலிருந்து கட்டுப்படுத்துவதற்கான இணைப்பு. அவர்கள் பகிர்ந்துகொள்வதற்காகச் சேர்ந்தவர்கள்.

அப்ப எல்லாம் வீண்தானா? எங்களுக்கு அப்படிப் படவில்லை. 1972இல் இடி அமீனின் ஆட்சியில் மக்கரேரேயின் துணைவேந்தர் பிராங்க் கலிமுசோவைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. அதே வருஷம் ஆசிய வம்சாவளியினரும் வெளியேற்றப்பட்டார்கள். அப்படி வெளியேறியவர்களில் ஒருவர் மஹ்மூத் மம்தானி. அடுத்த வருஷமே அவர் டாரில் விரிவுரையாளர். பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிந்த பிறகும் அந்தக் கதவு திறந்துதான் இருந்தது.

இன்னொன்று. மக்கரேரேயின் புறக்கல்வித் துறை 1960இல் டாரில் ஒரு கிளை போட்டது. அதுதான் பிறகு டார் பல்கலைக்கழகத்தின் வளர்ந்தோர் கல்வி நிறுவகமாக வளர்ந்தது. 1973இல் அந்த நிறுவகம் வானொலியைக் கையிலெடுத்து ‘ம்து நி அஃப்யா’ எண்டொரு சுகாதார இயக்கத்தை நடத்தியது. மனிதன் என்றால் ஆரோக்கியம் என்பது கருத்து. ஏறத்தாழ 20 இலட்சம் பேர் ஊர் ஊராகக் குழுவாக இருந்து கேட்டார்கள், கதைத்தார்கள், பிறகு போய்க் கக்கூசுக்குக் குழி வெட்டினார்கள். கம்பாலாவில் போட்ட விதை தன்சானியக் கிராமத்தில் முளைத்த கதை இது.

இனி எங்கட பக்கம் வருவோம். யுத்தக் காலத்தில் வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க ஏலாமல் போன முஸ்லிம் மாணவர்களின் நெருக்கடியிலிருந்துதான் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. அது தேவையாக இருந்தது. ஆனால் இண்டைக்கு யாழ்ப்பாணம், வவுனியா, வந்தாறுமூலை, ஒலுவில் மாணவர்கள் ஆளையாள் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோம்? ஒலுவில் ஆசிரியர் ஒருவர் ஒரு வருஷம் யாழ்ப்பாணத்தில் வந்திருந்து படிப்பித்தால் என்ன? நான்கு இடத்து மாணவர்களும் சேர்ந்து ஒரு மீன்பிடிக் கிராமத்தில் ஆறு மாசம் வேலை செய்தால் என்ன?

அடுத்த தடவை அந்தக் கைச்சாத்துப் படத்தைப் பார்க்கேக்க, ஆர் எங்க போகப்போயினம், எவ்வளவு காலத்துக்கு எண்டு கேட்டுப் பார்ப்பம்.