மரம் நீர் இறைக்கும் வரலாறு

மாணவர்களே, கிணற்றங்கரையில் வைத்த உறிஞ்சு பம்பு ஒன்று, ஏறக்குறைய 10 மீட்டர் ஆழத்திற்குக் கீழேயுள்ள நீரை மேலே ஏற்றமாட்டாது. பம்பை எத்துணைப் பெரிதாகச் செய்யினும் இவ்வெல்லை மாறாது. ஏனெனில் நீரை மேலே தள்ளுவது பம்பு அன்று. கிணற்று நீரின்மீது அழுத்திக்கொண்டிருக்கும் காற்றேயாகும். அக்காற்றின் அழுத்தம் 10 மீட்டர் உயரமுள்ள நீர்த்தூணை மட்டுமே தாங்கும். காற்றின் எடையே இதற்குக் காரணம் என்பதை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-ஆம் ஆண்டில் விளக்கினார். ஆனால் கலிபோர்னியாவின் கடலோரக் காடுகளில் 115 மீட்டருக்கும் மேலாக ஓங்கி நிற்கும் ரெட்வுட் மரம் உண்டு. அதன் உச்சி இலைக்கும் வேரிலிருந்து நீர் தவறாமல் சென்று சேருகிறது. அங்கே ஓசையில்லை, எண்ணெயில்லை, சுழலும் சக்கரமும் இல்லை. இப்பணியைச் செய்வது யாது? இவ்வினாவிற்கு மனிதன் விடை தேடிய வரலாற்றையே இன்று காண்போம்.

17-ஆம் நூற்றாண்டில் நுண்பெருக்கி வழக்கிற்கு வந்தபின், இத்தாலியில் மால்பீகியும் இங்கிலாந்தில் நெகமையா குரூவும் தண்டுகளை மெல்லிய சீவல்களாக அறுத்து நோக்கினர். மால்பீகியின் நூல் 1675, 1679 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாகவும், குரூவின் நூல் 1682-லும் வெளிவந்தன. மரத்தினுள்ளே நுண்ணிய குழாய்கள் நெடுக ஓடுவதை இருவரும் கண்டனர். சில குழாய்களின் உட்சுவரில் சுருள் கம்பி போன்ற தடிப்பு இருந்தது. பூச்சிகளின் மூச்சுக்குழாய்களிலும் அத்தகைய சுருள் உண்டாதலால், இவையும் காற்றுக் குழாய்களே என்று மால்பீகி கருதினார். உருவத்தைக் கண்டு தொழிலை முடிவு செய்வது எவ்வளவு இடர் உடையது என்பதற்கு இது நல்ல சான்று.

அடுத்து வந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ். லண்டனுக்கு அருகிலுள்ள டெடிங்டன் என்னும் சிற்றூரில் சமயப்பணி செய்த இவர், கண்ணால் காண்பதோடு நில்லாமல் தராசையும் அளவுகோலையும் கையில் எடுத்தார். தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடியை நாள்தோறும் நிறுத்து, அது இலைகளின் வழியே எவ்வளவு நீரை வெளியேற்றுகிறது என்று கணக்கிட்டார். பருமனுக்குப் பருமன் ஒப்பிட்டால், அச்செடி மனிதனைவிட 17 மடங்கு நீரை வெளியேற்றுவதாகக் கண்டார். வெட்டிய திராட்சைக் கொடியின் முனையில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, வேர் சாற்றை மேலே தள்ளும் விசையையும் அளந்தார். 1727-இல் வெளியான அவர் நூல் தாவர உடலியலுக்கு அடிப்படையாயிற்று. ஆயினும் வேரின் அழுத்தம் உயர்ந்த மரத்தின் உச்சிவரை நீரைத் தள்ளப் போதாது. இலைகள் மிகுதியாக நீரை இழக்கும் வேளையில் அவ்வழுத்தம் காணப்படுவதும் அரிது.

19-ஆம் நூற்றாண்டில் அறிஞர் இரு அணியாயினர். மரத்தண்டிலுள்ள உயிருள்ள செல்கள் படிப்படியாக நீரை மேலே ஏற்றுகின்றன என்றனர் ஒரு சாரார். 1884-இல் காட்லெவ்ஸ்கி இக்கருத்தை வெளியிட்டார். இல்லை, இது வெறும் இயற்பியல் நிகழ்ச்சியே என்றனர் மற்றொரு சாரார். ஜெர்மனியில் பான் நகரப் பேராசிரியர் ஸ்ட்ராஸ்பர்கர் இவ்வழக்கைச் சோதனை மன்றத்தில் நிறுத்தினார். 20 மீட்டருக்கும் உயர்ந்த மரங்களை அடியில் அறுத்து, வெட்டுவாயை நச்சுக் கரைசலில் நிறுத்தினார். நஞ்சு தான் சென்ற வழியெங்கும் உயிருள்ள செல்களைக் கொன்றுகொண்டே உச்சிவரை ஏறியது. செல்கள் மடிந்த பின்னரும் நீர் ஏறுவது நின்றுவிடவில்லை. 1891-இல் வெளிவந்த அவருடைய பெருநூல், நீரை ஏற்றுவது தண்டின் உயிர்ச்செல்கள் அல்ல என்பதற்கு வலுவான சான்றாயிற்று.

அப்படியாயின் ஏற்றும் விசை எங்கிருந்து வருகிறது? டப்ளின் நகரத்துத் தாவரவியலார் டிக்சனும் இயற்பியலார் ஜோலியும் 1894-இல் இதற்கு விடை கூறினர். நீரை எதுவும் கீழிருந்து தள்ளவில்லை. மேலிருந்து இழுக்கப்படுகிறது என்பதே அவ்விடை. இலையின் நுண்சுவர்களிலிருந்து நீர் ஆவியாகும்போது, அங்குள்ள நீர்ப்பரப்பு உட்குழிந்து, பின்னாலுள்ள நீரை இழுக்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால், அவ்விழுப்பு அறுபடாத கயிறு போல வேர்வரை செல்கிறது. அதற்குரிய ஆற்றலைத் தருபவன் கதிரவன். நீரைக் கயிறு போல் இழுக்கலாம் என்பது கேட்போர்க்கு நகைப்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் காற்றுக் குமிழி இல்லாத நீர் பெரும் இழுவிசையைத் தாங்கும் என்று பெர்த்தெலோ 1850-ஆம் ஆண்டிலேயே மூடிய கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு காட்டியிருந்தார்.

இவ்வழக்கில் நம் நாட்டுப் பேரறிஞர் ஒருவரும் பங்கேற்றார். கல்கத்தாவில் 1917-இல் தம் பெயரால் ஆய்வுநிலையம் நிறுவிய ஜகதீச சந்திர போஸ், 1923-இல் சாறேற்றத்தைப் பற்றித் தனி நூல் எழுதினார். தொழுகண்ணிச் செடியின் சிற்றிலைகள் தாமே அசைவதை நெடுங்காலம் ஆராய்ந்தவர் அவர். தண்டினுள் மின்முனையைச் செலுத்தி அளந்து, புறணியின் உட்பகுதிச் செல்கள் இதயம் போலத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று முடிவு செய்தார். அம்முடிவை அறிவியல் உலகம் ஏற்கவில்லை. பின்வந்த அளவைகளும் அதற்குத் துணை நிற்கவில்லை. ஆயினும் செடிகளில் மின் அறிகுறிகள் ஓடுகின்றன என்ற அவருடைய கண்டுபிடிப்பு இன்றும் போற்றப்படுகிறது. ஒருவர் பெருமையால் ஒரு கொள்கை மெய்யாகிவிடாது. ஒரு கொள்கை வீழ்ந்ததால் அவர் சிறியவராகிவிடவும் மாட்டார். மாணவர் இதனை மறத்தலாகாது.

டிக்சன் கொள்கைக்கு நேரான அளவு 1965-இல் கிடைத்தது. அமெரிக்க ஆய்வாளர் ஷோலாண்டரும் அவர்தம் துணைவரும், உயர்ந்த மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி, அக்கிளைகளை ஓர் இரும்புக் கலத்தில் வைத்தனர். வெட்டுமுனை மட்டும் வெளியே நீட்டியிருக்க, கலத்தினுள் வாயுவைச் செலுத்தினர். உள்ளே பின்வாங்கியிருந்த சாறு மீண்டும் வெட்டுமுனையில் தோன்றுவதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, அதுவே மரத்தினுள் இருந்த இழுவிசை. மறு ஆண்டு மில்பர்னும் ஜான்சனும் ஆமணக்கு இலையில் நுண்ணிய ஒலியுணர்வியைப் பொருத்தினர். இலை வாடும்போது ‘டக்’, ‘டக்’ என்ற ஓசை கேட்டது. அது நீர்க்கயிறு அறுந்து குமிழி தோன்றும் ஓசையாகும். வறட்சியில் மரம் நாவில்லாமல் எழுப்பும் குரல் என்றே இதனைக் கொள்ளலாம்.

இனி இக்குழாயின் பிறப்பைக் காண்போம். நீர் செல்லும் குழாய்ச் செல், தன் சுவரை லிக்னின் என்னும் பொருளால் வளையமாகவும் சுருளாகவும் தடிக்கச் செய்து, பின்னர்த் தன் உள்ளிருப்பைத் தானே கரைத்துக்கொண்டு இறக்கிறது. இறந்த பின்னரே அது வேலைக்குத் தகுதி பெறுகிறது. மால்பீகி மயங்கிய அச்சுருள், இழுவிசையால் குழாய் நசுங்காமல் காக்கும் அரணே. ஜப்பானிய அறிஞர் புக்குடாவும் கொமாமினேயும் 1980-இல் ஜினியாச் செடியின் இலைச் செல்களைத் தனித்தனியே பிரித்து வளர்த்து, அவை நீர்க்குழாய்ச் செல்களாக மாறுவதைக் கண்முன் காட்டினர். அம்மாற்றத்தைத் தூண்டும் தலைமை ஜீன்களை ஜப்பானிய ஆய்வாளர் 2005-இல் இனங்கண்டனர்.

இவ்வறிவு புதுப்பொருள்களையும் ஈன்றது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வீலரும் ஸ்ட்ரூக்கும் 2008-இல் ஒரு செயற்கை மரத்தை ஆக்கினர். மென்மையான கண் வில்லைகள் செய்யப் பயன்படும் ஹைட்ரோஜெல் ஏட்டில் நுண்கால்களைச் செதுக்கி, ஒரு புறத்தை வேராகவும் மறுபுறத்தை இலையாகவும் அமைத்தனர். உயிர் சிறிதும் இல்லாத அப்பொருளில், 10 வளிமண்டல அழுத்தத்தை மிஞ்சிய இழுவிசையில் நீர் ஓடியது. டிக்சன் கூறியது மெய் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? சூழ்நிலையின் ஈரத்திற்கேற்பத் தானே செயற்படும் இத்தகைய பொருள்களைத் திறன்மிகு பொருள்கள் என்பர். அதே குழுவினர் 2014-இல், செடியின் தாகத்தை அளக்கும் சிறு உணர்வியையும் படைத்தனர். எப்போது நீர் பாய்ச்ச வேண்டும் என்பதை மரமே உழவர்க்கு அறிவிக்கும் வழி இதனால் பிறந்தது.

மரக்குழாய்களுக்கு இடையே குழிச்சவ்வு என்னும் நுண்சல்லடை உண்டு. ஒரு குழாயில் தோன்றிய குமிழி அடுத்ததில் புகாமல் அது தடுக்கிறது. குமிழியைத் தடுப்பது கிருமியையும் தடுக்குமன்றோ? மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் ரோஹித் கார்னிக் குழுவினர் 2014-இல் பைன் மரக் கிளைத் துண்டின் வழியே நீரைச் செலுத்தி, அதிலிருந்த பாக்டீரியாவில் 99.9 விழுக்காட்டை நீக்கினர். ஆயின் மிகச் சிறிய வைரசுகள் அச்சல்லடையில் நழுவிவிடும். துண்டு உலர்ந்தால் சல்லடையும் கெடும். உலர்ந்தும் கெடாத வடிகட்டியைப் பின்னர் உருவாக்கி, நம் நாட்டு நீர்நிலைகளின் நீரைக் கொண்டு சோதித்து, அம்முடிவை 2021-இல் வெளியிட்டனர்.

மாணவர்களே, காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்தி, சாயம் தண்டில் ஏறுவதைப் பள்ளியில் கண்டிருப்பீர்கள். அதை ஐந்து மதிப்பெண்ணுக்குரிய பாடமாக மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஹேல்ஸின் தராசும், ஸ்ட்ராஸ்பர்கரின் நஞ்சும், ஷோலாண்டரின் இரும்புக் கலமும் எழுப்பிய வினா அதுவே. காசித்தும்பையை மீண்டும் ஒருமுறை நீரில் நிறுத்துங்கள். இலைகளைக் கிள்ளிவிட்டால் சாயம் மெதுவாக ஏறுகிறதா, விரைவாக ஏறுகிறதா, வெயிலில் வைத்தால் என்னாகிறது, நிழலில் வைத்தால் என்னாகிறது என்று கடிகாரத்தை வைத்து நீங்களே அளந்து பாருங்கள். பிறர் சொன்ன விடையை ஏற்பதனினும், தாமே அளந்து அறிவதே அறிவியலின் முதற்படியாகும்.