ஹெல்மெட் பட்டையில் ஒரு எண்

போன வாரம் பேரன் புது ஹெல்மெட் வாங்கி வந்தான். பின்பக்கம் நமக்குத் தெரிந்த ஐ.எஸ்.ஐ. முத்திரை. தாடைப் பட்டையில் தைத்திருந்த துண்டுத் துணியில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஆங்கில எழுத்து 'ஈ', பக்கத்தில் 3. "இது என்ன தாத்தா, சைஸா?" என்றான். எனக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் தேடிப் படித்தேன்.

3 என்றால் இத்தாலி. அந்த நாட்டு அரசு இந்த மாடலைச் சோதித்து ஒப்புதல் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவில் கார்கள் எல்லை தாண்டி ஓடத் தொடங்கின. ஆனால் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பிரான்சுக் கார்களில் முகப்பு விளக்கு மஞ்சளாக எரிய வேண்டும் (அந்தப் பிடிவாதம் 1993 வரை நீடித்தது!). மற்ற நாடுகளில் வெள்ளை. ஒரே காரை ஒவ்வொரு நாட்டிலும் திரும்பத் திரும்பச் சோதனைக்கு நிறுத்த வேண்டும். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 1952-ல் இதற்கென்று ஒரு குழு அமைத்தது. 1958 மார்ச் 20-ல் ஜெனீவாவில் ஒப்பந்தம் உருவானது. அதன் முதல் விதியே முகப்பு விளக்கைப் பற்றியதுதான். புகைக்கான விதி 1970-ல் வந்தது.

எங்கள் பள்ளிக்கூட பாஷையில் சொன்னால் இது டி.சி. மாதிரி. ஒரு பள்ளியில் ஐந்தாவது தேறிய பிள்ளையை அடுத்த பள்ளி மறுபரீட்சை வைக்காமல் ஆறாவதில் சேர்த்துக்கொள்கிறது அல்லவா, அதேதான். ஒரு நாடு பாஸ் போட்டால் மற்ற நாடுகள் ஏற்க வேண்டும்.

எண்கள் பெரும்பாலும் சேர்ந்த வரிசைப்படி. மேற்கு ஜெர்மனி 1, பிரான்சு 2, இத்தாலி 3. ஏழாவது யார் தெரியுமா? ஹங்கேரி! எட்டு செக்கோஸ்லோவாக்கியா. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில், சோவியத் அணி நாடு போட்ட முத்திரையை மேற்கு நாடுகள் பிரேக்குக்கும் விளக்குக்கும் ஏற்றுக்கொண்டன. இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருடம் பனிப்போர் பாடம் நடத்தியும் இதை ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. கிழக்கு ஜெர்மனியின் எண் 15. 1990-ல் அந்த நாடே இல்லாமல் போனது. வருகைப் பதிவேட்டில் பெயர் அடித்த வரி போல 15 இன்றும் காலியாகவே இருக்கிறது.

அமெரிக்கா இதில் சேரவில்லை. 1966 சட்டப்படி அங்கே முன்கூட்டி பரீட்சை கிடையாது. 'என் வண்டி விதிப்படி சரி' என்று கம்பெனியே எழுதிக் கொடுக்கும். தப்பு தெரிந்தால் விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தர வேண்டும். அவர்களையும் உள்ளே இழுக்க 1998-ல் இன்னொரு ஒப்பந்தம் போட்டார்கள். இதில் விதியைச் சேர்ந்து எழுதலாம், ஆனால் ஒருவர் முத்திரையை மற்றவர் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படி எழுதியதில் முதலாவது கார்க் கதவின் பூட்டு, இரண்டாவது பைக் புகையை அளக்கும் முறை.

இந்தியா 2006-ல் சேர்ந்தது இந்த இரண்டாவதில் மட்டும். 1958 ஒப்பந்தத்தில் நாம் இல்லை, அதனால் வட்டத்துக்குள் நமக்கு எண்ணும் இல்லை. இத்தாலி பாஸ் போட்ட ஹெல்மெட்டும் இங்கே விற்க வேண்டுமானால் ஐ.எஸ்.ஐ. பரீட்சையைத் தனியாக எழுதியாக வேண்டும். இரண்டாவது பரீட்சையின் செலவும் கடைசியில் விலையில்தான் ஏறும். நம் சாலைக்கு நம் சோதனை வேண்டும் என்பதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

பேரனுக்கு இது விளையாட்டாகிவிட்டது. தெருவில் நிற்கும் கார் விளக்குகளைக் குனிந்து பார்த்து, "தாத்தா, 4, நெதர்லாந்து" என்று போட்டோ அனுப்புகிறான். 15 மட்டும் இன்னும் சிக்கவில்லை.