குருகூரும் மைசூரும்

பட்டாபி ஜோயிஸ் கற்பித்தது வியர்வை சொட்டச் சொட்டச் செய்யும் தொடர் ஆசனங்கள். பி.கே.எஸ். அய்யங்கார் கயிறும் கட்டையும் கொடுத்து, உடலை நுணுக்கமாக நிறுத்தக் கற்றுக்கொடுத்தார். டி.கே.வி. தேசிகாச்சார் ஆளுக்குத் தகுந்தபடி மூச்சை அளந்தார். மூவருக்கும் ஆசிரியர் ஒருவரே: திருமலை கிருஷ்ணமாச்சாரியார். சீடர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள் என்பது எளிய விளக்கம். எனக்கு அது போதவில்லை. ஆசிரியரே மாறிக்கொண்டிருந்தார். 1933இல் மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கியபோது எதிரே நின்றவர்கள் துள்ளுகிற வயதுப் பையன்கள். அவர்களுக்கு வேகம் வேண்டியிருந்தது. 1950இல் யோகசாலை மூடப்பட்டது. பிறகு சென்னையில் அவரைத் தேடி வந்தவர்களில் நோயாளிகளும் குடும்பஸ்தர்களும் இருந்தார்கள். அங்கே தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார். தேசிகாச்சார் கற்றது இந்த யோகத்தை.

அரண்மனை உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து எடுத்ததைத்தான் கிருஷ்ணமாச்சாரியார் யோகமென்று கொடுத்தார் என்ற வாதத்தை ஆய்வாளர் நார்மன் ஷோமன் 1996இல் முன்வைத்தார். அதில் உண்மை இருக்கிறது. மைசூர் நாட்களின் தாவல்களுக்கு அது பொருந்தும். ஆனால் ஒவ்வொரு அசைவையும் மூச்சோடு கட்டியதையும், சென்னையில் கழிந்த முப்பது வருஷத்துக்கும் மேலான காலத்தையும் உடற்பயிற்சிக் கூடம் விளக்காது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. புதிதாகச் செய்துவிட்டு ஏன் பழமை என்றார்? பதினாறு வயதில் ஆழ்வார்திருநகரிக்குப் போனபோது, மறைந்துபோன ‘யோக ரகசியம்’ நூலை பழைய வைணவ ஆசாரியர் நாதமுனிகளே தமக்கு அருளியதாகச் சொன்னார். இதை வரலாற்றுச் சான்றாக யாரும் ஏற்க முடியாது. ஆனாலும் பொய் என்று தள்ளுவதற்கு முன், அது நடந்ததாகச் சொல்லப்படும் ஊரைப் பார்க்க வேண்டும். அதுதான் பழைய திருக்குருகூர். வழக்கிழந்திருந்த நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தை நம்மாழ்வாரிடமிருந்து நாதமுனிகள் யோகத்தில் பெற்றதாக வைணவர்கள் சொல்வதும் அதே ஊரில்தான். நாதமுனிகளின் வம்சம் என்று தம்மைக் கருதிய ஒருவர், இழந்ததை மீட்கும் வழியாக அந்தப் பரம்பரை காட்டிய வழியிலேயே போயிருக்கிறார். தம் பெயரை முன்னிறுத்தாமல் முன்னோர் வாயில் வைத்துச் சொல்வது அவர் வளர்ந்த மரபின் பணிவு. அந்த நூல் பெண்களுக்கு யோகத்தில் உரிமை உண்டு என்கிறது, கர்ப்பிணிகளையும் கருதுகிறது. 1937இல் யோகம் கற்க வந்த இந்திரா தேவி என்ற பெண்மணிக்குக் கற்பிக்க முதலில் மறுத்து, மகாராஜா சொன்ன பிறகே இசைந்தவர், தம் வீட்டுப் பெண்களுக்கும் கற்பித்திருக்கிறார்.