சைக்கிள் ஹேண்டில்பாரின் அகலம்: தோளா, காற்றா?

எனக்குத் தோள் கொஞ்சம் அகலம். ரெடிமேட் சட்டை எடுத்தால் இடுப்பில் தொளதொளவென்று இருக்கும், தோளில் மட்டும் பிடிக்கும். போன வருடம் பழைய ரோடு சைக்கிள் ஒன்று வாங்கினேன் (ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி ஹேண்டில்பார் கீழே வளைந்திருக்குமே, அது). அதிலும் இதே கதைதான். முக்கால் மணி நேரம் ஓட்டினால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரே இறுக்கம். "பார் சின்னது தம்பி, 40 போட்டிருக்கு. உனக்கு 44 வேணும்" என்றார் மெக்கானிக் அண்ணன்.

சரி என்று தேடிப் பார்த்தால், இன்றைய பந்தய வீரர்களில் என்னைவிட உயரமானவர்கள்கூட 38, 36 என்று வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். யார் சொல்வது சரி? அதைத் துருவப் போய்த்தான் இந்தக் கட்டுரை. காமர்ஸ் படிப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள் :-)

முதலில் பழைய விதி. இரண்டு தோள்களின் மேல் முனையிலும் ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேர்கோட்டில் அளக்க வேண்டும். தையல்காரர் முதுகின் வளைவோடு டேப்பை வைத்து எடுக்கும் அளவு இதற்கு உதவாது, அது கூடுதலாக வரும். எலும்புக்கு எலும்பு எத்தனை செ.மீ. வருகிறதோ அதுதான் ஹேண்டில்பாரின் அகலம். ஐரோப்பியப் பயிற்சியாளர்களும் சைக்கிள் கடைக்காரர்களும் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்தது இதைத்தான்.

அவர்கள் சொன்ன காரணம் இரண்டு. கை அகன்றிருந்தால் நெஞ்சு விரியும், மூச்சு தாராளமாக வரும் என்பது ஒன்று. அகலமான பார் நீளமான நெம்புகோல் போல, மோசமான ரோட்டில் சக்கரம் நம் பிடியை விட்டு ஓடாது என்பது மற்றொன்று. இரண்டாவது காரணத்தில் சந்தேகமே இல்லை. வேடிக்கை எல்லாம் முதல் காரணத்தில்தான்.

சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போனால், மிதிக்கும் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. காற்றை மறிப்பது சைக்கிள் அல்ல, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஆள். கையை உள்ளே இழுத்தால் காற்றுக்குத் தெரியும் பரப்பு குறையும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் கையைக் குறுக்கினால் மூச்சு திணறும் என்ற பயம் அதைத் தடுத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பயத்தை 1989-ல் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் அசைத்துப் பார்த்தார். டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. தனியோட்டம். லோரான் பிக்னோனைவிட 50 விநாடி பின்தங்கியிருந்தார். முன்னால் நீட்டிய ஒரு பாரில் இரண்டு முழங்கையையும் நெருக்கி வைத்துக்கொண்டு ஓட்டினார். மூன்று வாரப் பந்தயத்தை 8 விநாடியில் ஜெயித்தார்.

அடுத்து வந்தவர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவர். ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரி. வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த பேரிங்கையும் சேர்த்துத் தானே ஒரு சைக்கிள் செய்துகொண்டார். குறுகிய பாரைப் பிடித்து, கைகளை மடக்கி, நெஞ்சுக்கு அடியில் சொருகிக்கொண்டு ஓட்டுவார். தூரத்திலிருந்து பார்த்தால் கையே இல்லாத ஆள் மாதிரி இருக்கும். 1993 ஜூலையில் நார்வேயின் ஹாமரில், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்ற சாதனைக்கு முயன்றார். முதல் நாள் முடியவில்லை. மறுநாள் காலையில் திரும்ப வந்து 51.596 கி.மீ. ஓட்டினார். பிரான்செஸ்கோ மோசர் 1984-ல் மெக்சிகோ நகரில் வைத்த சாதனையைவிட 445 மீட்டர் அதிகம். நெஞ்சை இப்படி அமுக்கிக்கொண்டு ஒரு மனிதர் ஒரு மணி நேரம் உலகத்திலேயே வேகமாக ஓட்ட முடிந்தது என்றால், அந்த 'நெஞ்சு விரியும்' சமாச்சாரம் என்ன ஆயிற்று?

"அவர் ஒல்லி, அகலத் தோள்காரனுக்கு இது ஒத்துவராது" என்று யாராவது சொல்லலாம். அதற்குப் பதில் மிகேல் இந்துராயின். 1.88 மீட்டர் உயரம், பெரிய உடம்பு. 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து டூர் ஜெயித்தவர். தனியோட்டத்தில் கைகளை நடுவில் சேர்த்து வைத்துத்தான் மற்றவர்களை நொறுக்கினார். 1994-ல் ஒரு மணி நேரத்தில் 53.040 கி.மீ.

ஆனால் சைக்கிள் சங்கம் (யு.சி.ஐ.) ஓப்ரியின் பாணியை 1994-ல் தடை செய்தது. அவர் கையை முன்னால் நீட்டி 'சூப்பர்மேன்' பாணிக்கு மாறி 1995-ல் உலகச் சாம்பியன் ஆனார். கொஞ்ச நாளில் அதையும் தடை செய்தார்கள். பாவம் மனுஷன்.

கூட்டமாக ஓடும் ரோடு பந்தயத்தில் மட்டும் தோள் விதியே ரொம்ப நாள் நிலைத்தது. கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில்தான் அங்கேயும் பார் சுருங்க ஆரம்பித்தது. 2021-ல் நெதர்லாந்தின் யான்-வில்லெம் வான் ஸ்கிப், வழக்கத்துக்கு மாறான ஹேண்டில்பாருக்காக பெல்ஜியம் டூரிலிருந்தே நீக்கப்பட்டார். 2023-ல் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு குறைந்தது 350 மி.மீ. வேண்டும் என்று விதி வந்தது. உடனே சிலர் பாரை விட்டுவிட்டு பிரேக் லீவர்களை உள்பக்கம் திருப்பி வைத்தார்கள். 2024-ல் அதற்கும் ஒரு வரம்பு. 2025 ஜூனில் அடுத்த அறிவிப்பு: 2026 ஜனவரி முதல் 400 மி.மீ. காரணம், பாதுகாப்பு.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. இந்த 400 அகலத் தோள்காரர்களைத் தொடவே இல்லை. அடி வாங்கியது சின்னத் தோள் உள்ள பெண் வீராங்கனைகள். அவர்களில் பலருக்கு 36 என்பது காற்றுக்கான தந்திரம் அல்ல, அவர்கள் தோளின் அளவே அதுதான். எதிர்ப்பு வந்த பிறகு, லீவர்களுக்கு நடுவே வேண்டிய இடைவெளியை 320-லிருந்து 280 மி.மீ. ஆகக் குறைத்தார்கள். 400-ஐ விடவில்லை. பழைய விதி குறைந்தபட்சம் ஆளைப் பார்த்தது.

நம்மைப் போன்றவர்களுக்கு வேறு தொல்லை. சைக்கிள் கம்பெனிகள் பிரேம் சைஸைப் பார்த்துத்தான் பாரை மாட்டி அனுப்புகின்றன. சின்ன பிரேமுக்குக் குறுகல், பெரியதற்கு அகலம். குள்ளமாகவும் தோள் அகலமாகவும் இருப்பவன் அவர்கள் கணக்கிலேயே இல்லை. முன்பெல்லாம் நாலு நட்டைக் கழற்றி வேறு பார் போடலாம். இன்றைய விலையுயர்ந்த சைக்கிள்களில் பாரும் ஸ்டெம்மும் ஒரே கார்பன் துண்டு, கேபிள் உள்ளே ஓடுகிறது. மாற்றினால் பர்ஸ் காலி. (எங்கள் பாடத்தில் இதற்கு ஒரு பெயரே உண்டு, வேண்டாம்.)

என் தோள் எலும்புக்கு எலும்பு 43 செ.மீ. மூச்சுக் கவலை ஓப்ரியோடு போயிற்று. நான் 45 கி.மீ. வேகத்தில் போகிறவனும் இல்லை, அதனால் காற்றுக் கவலையும் பெரிதாக இல்லை. மிச்சம் இருப்பது பிடிமானமும் தோள் வலியும்தான். ஆகவே 44 வேண்டாம், 42 போதும் என்று முடிவு செய்து, பழைய பார் ஒன்று வாங்கினேன்.

மாட்டும்போதுதான் மெக்கானிக் அண்ணன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு செ.மீ. வித்தியாசம்தானே, இது நாலுக்கு மேல இருக்கே" என்றார். டேப்பை எடுத்தோம். புதிதாக வந்ததன் 42, குழாயின் நடுவிலிருந்து நடு வரை. பழையதன் 40, வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை. சில இத்தாலியக் கம்பெனிகள் அப்படித்தான் அளப்பார்களாம். குழாயின் கனம் 23.8 மி.மீ. என்பதால், நான் அத்தனை நாள் ஓட்டியது உண்மையில் 37.6.

அதாவது யு.சி.ஐ.யின் 400 மி.மீ.க்குக் கனகச்சிதமாகப் பொருந்தும் பார். இப்போது அது மொட்டை மாடிக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, அம்மா அதில் துணிக் கிளிப்புகளை மாட்டி வைத்திருக்கிறார்.