கல்லும் துருத்தியும்

தில்லியில் வாழ்வோர்க்குக் கடல் நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும், நீரில் மூழ்குவதையும் மிதப்பதையும் பற்றிப் பேசத் தொடங்குவதற்குத் தில்லி பொருத்தமற்ற இடம் அன்று. மெஹ்ரௌலியில், அதம்கானின் சமாதிக்கு அணித்தே, கந்தக் கீ பாவ்லி என்றொரு படிக்கிணறு உண்டு. இல்துத்மிஷ் சுல்தானின் காலத்தது. அதன் நீரில் கந்தக வாடை வீசியமையால் அப்பெயர் பெற்றது. வேடிக்கை காண வந்தவர்கள் தரும் காசுக்காக அதன் விளிம்பிலிருந்து ஆழத்திற் குதித்துக் காட்டிய குதிப்பாளர்கள் பல தலைமுறையாக அங்கே இருந்தனர். நிஜாமுதீன் தர்காவை ஒட்டிய படிக்கிணற்றிலும் இவ்வழக்கம் இருந்தது. அக்கிணற்றிலிருந்து நடந்துசெல்லும் தொலைவிலேதான் ஹுமாயூனின் கல்லறை எழுந்து நிற்கிறது. காற்றடைத்த ஒரு தோற்பையால் உயிர் பிழைத்த பேரரசன் அவன்.

அக்கதை நேயர்களிற் பலர் அறிந்ததே. 1539ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், கங்கைக் கரையில் சௌசா என்னுமிடத்தில் ஷேர்கானின் படை விடியற்காலையில் முகலாயர் பாசறைமீது பாய்ந்தது. ஹுமாயூன் ஆற்றில் இறங்கினான். வெள்ளம் அவனை இழுத்தது. நிஜாம் என்னும் தண்ணீர் சுமப்போன் ஒருவன் தன் தோல்துருத்தியில் காற்றை நிரப்பி அரசனிடம் கொடுக்க, அதைப் பற்றிக்கொண்டு அவன் அக்கரை சேர்ந்தான். வடநாட்டார் மஷக் என்று வழங்கும் அத்துருத்தியைத் தோளில் சுமந்த பிஸ்திகளை ஜாமா மசூதிக்கு அருகே அண்மைக் காலம் வரையிலும் காணலாயிற்று. நன்றி மறவாத அரசன் பின்னர் ஆக்ராவில் அவனை அரியணையில் அமர்த்தினான். அரை நாள் என்பாரும் உளர். அரசனின் தங்கை குல்பதன் பேகமோ இரண்டு நாள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

துருத்தியைத் துணைக்கொண்டு ஆறு கடப்பது மிகப் பழைய வழக்கம். அசிரிய மன்னன் இரண்டாம் அசூர்நசிர்பாலின் அரண்மனைச் சிற்பம் ஒன்றில், கி.மு. 9ஆம் நூற்றாண்டிலேயே, வீரர்கள் காற்றடைத்த தோல்களின்மேல் நீந்துவதைக் காண்கிறோம். இச்சிற்பத்தை உலகின் முதல் மூழ்குவோன் படம் என்று சிலர் எழுதிவருவது பிழை. அவ்வீரன் மூழ்கவில்லை; மிதக்கிறான். இந்த வேறுபாடே இன்றைய பேச்சின் பொருளாகும்.

தில்லியிலிருந்து அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் சென்று, முதுகில் காற்று உருளையைத் தாங்கிக் கடலடியைக் காண விரும்புவோர் இந்நாளில் உளர். அவர்கள் முதலிற் கேட்கும் வினா, எந்த மிதப்புச் சட்டையை வாங்குவது என்பதே. பி.சி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இச்சட்டை, வேண்டும்போது காற்றை ஏற்றவும் வேண்டாதபோது வெளியேற்றவும் வல்ல பையைத் தன்னுள் கொண்டது. கடையில் அடுக்கி வைத்திருப்பவற்றுள் ஒன்றைத் தேர்வதற்கு முன், அது எந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தது என்பதை அறிதல் நன்று. அதற்கு நாம் யமுனைக் கரையை விட்டு மன்னார்க் கடலுக்குச் செல்லவேண்டும்.

மிதப்போனுக்குத் துருத்தி எப்படியோ, மூழ்குவோனுக்குக் கல் அப்படி. 1803ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய ராபர்ட் பெர்சிவல் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, மன்னார்க் கடலில் முத்துக் குளிப்போரைக் கூர்ந்து நோக்கியவர். ஒவ்வொரு தோணியிலும் ஐந்து கற்கள் இருந்தன என்கிறார். செந்நிறக் கருங்கல்லால் ஆகிய அவை கூம்பிச் சென்ற வடிவின. குறுகிய முனையில் கயிறு கோக்கத் துளை உண்டு. குளிப்பவன் வலக்கால் விரல்களால் கயிற்றைப் பற்றி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நான்கு முதல் பத்துப் பாகம் வரை கல்லோடு கீழே செல்வான். அடியை எட்டியதும் கல்லை விட்டுவிடுவான். தோணியில் நிற்கும் துணைவன் அதை மேலே இழுத்துக்கொள்வான். சிப்பி நிறைந்தபின், குளிப்பவன் தன் கயிற்றை அசைத்து மேலேறுவான்.

அவருடைய நூலில் வேறொரு குறிப்பும் உண்டு. வாசிப்போர் பலரும் கவனியாமல் கடந்துபோவது அது. சிலர் பிறைவடிவான கல்லொன்றை வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினர். கால்கள் தடையின்றி இயங்கவேண்டும் என்பதே காரணம். இன்றைக்கு ஈயக் கட்டிகளைக் கோத்து இடுப்பில் அணியும் எடைப்பட்டையின் முன்னோடியை நம் கடலோர மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அணிந்திருந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

கல்லுக்கு இவ்வளவு முறை ஏன்? நெஞ்சு நிறையக் காற்றை இழுத்த மனிதன் கடல்நீரில் மிதப்பான்; இறங்குவதற்கு எடை வேண்டும். ஆனால் பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல் இருமடங்காகும். நுரையீரற் காற்றின் பருமன் ஏறக்குறையப் பாதியாகும். மேலே மிதந்த அதே உடல் கீழே தானே அமிழும். குளிப்பவன் கல்லைக் கீழே விட்டு, கயிற்றின் துணையோடு ஏறியதன் நியாயம் இதுவே. இறங்குகையில் கனமாகவும் ஏறுகையில் இலேசாகவும் இருக்கவேண்டும் என்பதை அவன் ஏட்டில் படித்து அறியவில்லை. தவறினால் மூச்சு மிஞ்சாது என்பதால் அறிந்திருந்தான்.

மெஹ்ரௌலிக் குதிப்பாளனுக்குக் கல் தேவைப்படவில்லை. உயரமே அவனை ஆழத்திற்கு அனுப்பிற்று. அன்றியும் கிணற்று நீர் நன்னீர். கடல்நீர் தாங்கும் அளவுக்கு அது உடலைத் தாங்குவதில்லை.

1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஜாக் கூஸ்தோ, எமில் காக்னான் ஆகிய இருவரும், மூச்சிழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் கருவியை உருவாக்கினர். மூச்சுக் குறை தீர்ந்தது. எடைக் குறையோ தீரவில்லை. மாறாக, அது மும்மடங்காயிற்று. முதலாவது, 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலார் ஹியூ பிராட்னர் வகுத்த நுரைரப்பர் உடை. அதிலுள்ள நுண்ணிய குமிழிகள் ஆழத்தில் சுருங்க, உடை தன் மிதப்பை இழக்கும். இரண்டாவது, உருளையிலுள்ள காற்று. காற்றுக்கு எடை உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 12 லிட்டர் உருளையில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்று ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ளது. அதை மூச்சாகச் செலவிடச் செலவிட மூழ்குவோன் இலேசாகிக்கொண்டே வருவான். மூன்றாவது, நேரம். முத்துக் குளிப்போன் ஓரிரு நிமிடத்தில் மேலே வந்துவிடுவான். இவனோ அரை மணிக்கு மேல் கீழே உலவவேண்டும். கல்லை விட்டுவிட்டு ஏறும் பழைய உத்தி இவனுக்கு உதவாது. தொடக்க நாளில் இவனுக்கு இருந்த வழிகள் மூன்று: மேலே இலேசாகப் புறப்பட்டு வருந்தி இறங்குதல், அல்லது கால்களை ஓயாது உதைத்து நிலைகொள்ளுதல், ஆபத்து நேர்ந்தால் எடைப்பட்டையைக் கழற்றி எறிதல். கழற்றத் தெரியாமல் அஞ்சியவன் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

1961ஆம் ஆண்டு குறிக்கத்தக்கது. மொரிஸ் ஃபென்ஸி என்னும் பிரெஞ்சுக்காரர் கழுத்தில் மாட்டி மார்பில் படியும் காற்றுப்பையையும், அதை நிரப்பச் சிறு உருளை ஒன்றையும் இணைத்து வெளிக்கொணர்ந்தது அவ்வாண்டில்தான். தூத்துக்குடியில் 1955 முதல் நடந்துவந்த முத்துக்குளிப்பு அவ்வாண்டோடு நின்றது. சிப்பி வளம் அதன்பின் மீளவில்லை. இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாசஸ் பாறைத்திட்டருகே மைக் வில்சனும் அவருடன் மூழ்கிய இளைஞர்களும் சூரத்தில் அச்சிட்ட ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களைக் கண்டதும் 1961இலேயே. கல்லின் காலம் முடிந்த ஆண்டில் துருத்தியின் காலம் தொடங்கிற்று எனலாம். ஆனால் இது பிஸ்தியின் துருத்தி அன்று. ஹுமாயூன் பற்றிய பை மேற்பரப்பில் மட்டுமே பயன்பட்டது. பத்து மீட்டருக்குக் கீழே கொண்டுசென்றால் அது பாதியாகச் சுருங்கியிருக்கும். ஆழத்திற்கேற்ப ஏற்றவும் இறக்கவும் கூடிய பையே மூழ்குவோனுக்கு வேண்டியிருந்தது. 1970களில் அப்பை கழுத்தை விட்டு இறங்கி, உருளையையும் தாங்கும் சட்டையாக வடிவெடுத்தது. பெரிய உருளையிலிருந்தே குழாய் வழியாகப் பொத்தானை அழுத்திக் காற்றேற்றும் வசதியும் பரவிற்று.

இனித் தேர்வுக்கு வருவோம். இன்று கிடைப்பவை பெரும்பாலும் இரு வகையின. ஒன்றில் காற்றுப்பை விலாவையும் தோளையும் சூழ்ந்திருக்கும்; மேற்பரப்பில் முகம் மேல்நோக்க நிமிர்ந்து நிற்பது எளிது. மற்றொன்றில் பை முழுதும் முதுகுப்புறத்தில் இருக்கும். நீருக்குள் கிடைநிலையில் செல்வதற்கு அது சிறந்தது. மேலே வந்தபின் முன்னோக்கிச் சற்றே தள்ளும். புதியோர்க்கு முதல் வகையும் பழகியோர்க்கு இரண்டாம் வகையும் என்று விற்போர் கூறுவர். யான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். எவ்வகையாயினும் உடம்போடு ஒட்டிப் பொருந்துவதே முதற்றகுதி. காற்றை நிரப்பியதும் சட்டை மட்டும் காதுவரை ஏறி ஆள் கீழே தொங்குவானாயின், அது எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் பயனில்லை. கடையிலேயே நீருடையோடு அணிந்து, பையை முழுக்க ஊதி, மூச்சு நெருக்குகிறதா என்று பார்க்கவேண்டும்.

அடுத்தது தாங்கும் ஆற்றல். இங்கே பலர் மயங்குகின்றனர்; மிகுதியாகத் தாங்குவது மிகுதியாகக் காக்கும் என எண்ணுகின்றனர். கணக்கு எளிது. காற்றின் எடை 3 கிலோ. நம் வெப்பக்கடலில் அணியும் மெல்லிய உடை இழப்பது ஓரிரு கிலோ. மேற்பரப்பில் தலை நீருக்கு மேலே நிற்கச் சில கிலோ. ஆகப் பத்துக் கிலோ அளவு போதும். குளிர்க்கடலுக்கென்று தடித்த உடையோடு செல்வோர்க்காக அமைந்த பெரும்பையை அந்தமானுக்கு எடுத்துச் செல்வது வீண். வீண் மட்டுமன்று, பெரிய பையிற் சிறிதளவு காற்று அங்குமிங்கும் ஓடி நிலையைக் குலைக்கும். ஏறும்போது அக்காற்று விரிய, விரிந்த காற்று மேலும் விரைவாகத் தூக்க, மூச்சையும் அடக்கிக்கொண்டவனின் நுரையீரல் கிழியவும் கூடும். ஆகவே, காற்றை ஏற்றும் பொத்தானைக் காட்டிலும் வெளியேற்றும் அடைப்பான்களையே வாங்குவோர் கூர்ந்து சோதிக்கவேண்டும். தோளிலும் இடுப்பின் கீழும் ஒவ்வொன்று இருத்தல் நலம். கையுறை அணிந்த கை தடவிப் பார்த்தே அவற்றின் இழுகயிற்றைக் கண்டறியவேண்டும். பொத்தான் பழுதானால் வாயால் ஊதவும் வழி இருக்கவேண்டும். அதை ஒருமுறையேனும் ஊதிப் பழகவேண்டும்.

எடைக்கட்டிகளைச் சட்டைப்பையிலேயே செருகும் அமைப்பு இப்போது பெருவழக்கு. இடுப்பு வலி உள்ளவர்க்கு அது உதவி. ஆனால் பிறைக்கல்லைக் கட்டியவனுக்குத் தெரிந்த ஓர் உண்மை இங்கும் உண்டு: கட்டிய எடையை ஒரே இழுப்பில் விடுவிக்க இயலவேண்டும். பையைப் பிடித்து இழுத்தால் வருகிறதா, சிக்குகிறதா என்பதைக் கடைக்காரர் முன்னிலையிலேயே பார்த்துவிடலாம்.

தில்லியில் நீச்சற்குளத்தில் பயில்வோர்க்கு ஒரு குறிப்பு. குளத்தில் உங்களைச் சரியாக நிறுத்திய எடை கடலில் நிறுத்தாது. கடல்நீர் நன்னீரினும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆளும் கருவியும் சேர்ந்து 100 கிலோ என்றால், அந்தமானில் இறங்குகையில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ ஈயம் கூட்டவேண்டியிருக்கும். குளத்தின் கணக்கை அப்படியே கொண்டுபோகாமல், அங்கே கரையோரத்தில் சட்டைக் காற்றை முற்றும் நீக்கிவிட்டு அசையாமல் நில்லுங்கள். இயல்பாக மூச்சை இழுத்து நிறுத்தும்போது நீர் கண்மட்டத்தில் நிற்கவேண்டும். வெளிவிடும்போது மெல்ல அமிழவேண்டும். உருளை நிறைந்திருக்கையில் இதைச் செய்பவர், காற்றுத் தீரும் வேளைக்கென்று இன்னும் 2 கிலோ அளவு சேர்த்துக்கொள்வது வழக்கம்.